மீன் சத்தம் போடாது

சர்தார் பாஷா வேலூருக்குப் போனது ஒரு சாய்வு நாற்காலி வாங்கத்தான். துரை ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமான் எல்லாம் ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஆம்பூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தார். நாற்காலியை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப அவருக்கு மனசு வரவில்லை. அடுத்ததாக எது ஏலத்துக்கு வந்ததோ அதற்குக் கையைத் தூக்கிவிட்டார். வந்தது ஒரு மீன்தொட்டி. நாலடி நீளம், இரும்புச் சட்டம், கற்பலகையில் அடி, நாலு பக்கமும் கனத்த கண்ணாடி. வாங்கிய பிறகுதான் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று யோசித்தார். கடைசியில் தோல் பதனிடும் தன்னுடைய டேனரிக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியில், மூட்டைகளுக்கு நடுவில் அது சொகுசாகப் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

மாடி ஜன்னலின் மரச்சட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி முனவ்வர் பேகம் அதைப் பார்த்தாள். வெயில் பட்டுத் தொட்டி பளபளத்தது. நன்றாகப் பார்க்கச் சட்டத்தில் முகத்தை ஒட்டிவைத்தாள். உடனே எடுத்தும்விட்டாள். அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒன்பது வருஷத்தில் வாசல் தாண்டி வந்த புதுப்பொருள் அத்தனையும் ஒரே இடத்துக்குத்தான் போயிருந்தன. திவான்கானாவுக்கு. ஆண்கள் கூடிப் பேசும் முன்னறை அது. பெண்கள் அங்கே போவதில்லை. பெண்களுக்கு உள்கூடம். நடுவில் தடித்த சிவப்புத் திரை.

சர்தார் பாஷா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெண்டாட்டிக்குப் பட்டு எடுத்தால் கடையையே புரட்டிவிட்டுத்தான் வருவார். மெட்ராஸ் போனால் அல்வா வாங்காமல் வரமாட்டார். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கண் என்று ஒன்று உண்டு என்பதுமட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. அவ்வளவுதான் அவர் செய்த பாவம்.

அன்று மத்தியானம் சோறு பரிமாறும்போது முனவ்வர் பேச்சை எடுத்தாள். அவர்கள் வீட்டில் உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும். நமக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே சொல்கிறேன்.

"அந்தத் தொட்டி உள்கூடத்துக்கு வரட்டும்."

"உள்ளயா? உள்ள இன்னாத்துக்கு? நாலு பெரிய மனுசங்க வந்தா பாக்க வேணாமா?"

"கடியாரம் வந்துச்சு, அங்க மாட்டுனீங்க. மணி அடிக்குது, நாங்க இங்கேர்ந்து எண்ணிக்கிறோம். பாட்டுப்பெட்டி வந்துச்சு, அதுவும் அங்கதான். திரைக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிறோம். சரி, போவட்டும். மீன் சத்தம் போடுமா? அதைத் திரைக்குப் பின்னால நின்னு எப்படிக் கேக்குறது?"

மாட்டிக்கொண்ட எல்லாக் கணவன்மாரும் செய்வதைச் சர்தார் பாஷாவும் செய்தார்; இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். குழம்பு வருவதற்குள் ஒரு காரணம் அகப்பட்டுவிட்டது.

"சுகரா உள்ளறையில இருக்கா. நாப்பது முடியற வரைக்கும் வெளி ஆம்பளை அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. தொட்டிக்கு மரத்துல ஸ்டாண்டு செய்யணும். தச்சன் வந்து எடம் பாக்காம, அளவெடுக்காம எப்படிச் செய்வான்?"

காரணம் பலமானதுதான். அவருடைய தங்கை சுகரா பேகம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உள்கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். நாற்பதாம் நாள் குளித்து எழுந்திருக்கும்வரை அந்தப் பக்கம் கூடப்பிறந்த அண்ணன் வரலாம், மாமியார் வரலாம், தச்சன் வர முடியாது.

"நான் அளந்து குடுக்குறேன்" என்றாள் முனவ்வர்.

அவர் சிரித்துவிட்டார். புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்பைத்தான் முனவ்வரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா சிரிப்பு? பிள்ளைக்குச் சட்டை அளந்து தைக்கிறேன். உங்க பைஜாமா அளந்து தைக்கிறேன். ஒரு பலகைக்கு அளவெடுக்கத் தெரியாதா?"

"சரி, இன்னா இப்போ. நாப்பதாம் நாள் விருந்துக்கு மெட்ராஸ்லேர்ந்து அப்துல் வஹாப் பாய் வர்றாரு. மீனை அவர்தான் கொண்டார்றாரு. அன்னிக்குத் தொட்டி நிக்கணும். ஒரே தடவைதான். கோணிச்சு, ஆடிச்சு, மறுபடி தச்சன் கையில போய்ச்சுன்னா, தொட்டி திவான்கானாவுக்குப் போய்டும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நேரா நின்னா?"

"நின்னா உங்களுக்குத்தான்."

"நான் சாட்சி!" என்று உள்ளறையிலிருந்து சுகரா கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அலறியது.

தச்சர் ஆரோக்கியசாமி மறுநாளே வந்தார். டேனரியில் தோல் ஊறும் மரத்தொட்டிகள், தோலைப் போட்டுச் சுரண்டும் வளைந்த மரக்கட்டைகள், மெட்ராசுக்கு அனுப்பும் பெட்டிகள் எல்லாம் அவர் கைவேலை. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஜோலார்பேட்டைக்குக் கேட்கும். கொல்லைப்புற வாசலில் ஒரு திரையைக் கட்டி, திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் முனவ்வர் என்று ஏற்பாடு. அன்னிய ஆணோடு பேகம் நேரடியாகப் பேசக்கூடாது என்பதால் சமையல்காரி ஹலீமா பீ நடுவில் நின்றாள். இருவர் பேசுவதும் இருவருக்கும் கணீரென்று கேட்டது. ஆனாலும் ஹலீமா பீ தன் கடமையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள், கூடவே கொஞ்சம் மசாலாவும் சேர்த்தாள்.

"தொட்டிய அளந்துட்டேன்மா. ரொம்பினா ஏழெட்டு மூட்டை பாரம் வரும். காலு நாலும் இந்தத் தடிமன் வேணும்" என்று ஆரோக்கியசாமி தன் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"அவரு தொடை மாதிரி காலு வைக்கிறாராம்" என்றாள் ஹலீமா பீ. "தொடையைக் காட்டுறாரு பேகம், எனக்கே வெக்கமா இருக்குது."

"அவ்ளோ தடிமன் வேணாம்னு சொல்லு. பாலம் கட்டச் சொல்லல."

"நான் செஞ்சது எதுவும் இன்னி வரைக்கும் உடைஞ்சதில்லம்மா!"

"அழகா இருந்ததும் இல்லியாம், பேகம் சொல்றாங்க" என்றாள் ஹலீமா பீ. முனவ்வர் அப்படிச் சொல்லவே இல்லை.

கால் தடிமன் ஒருவாறு பேசி முடிந்தது. அடுத்து உயரம். மேஜை என்றால் இடுப்பு உயரம், அதில் கேள்வி என்ன என்றார் ஆரோக்கியசாமி. முனவ்வர் யோசித்தாள். இடுப்பு உயரத்தில் வைத்தால் நிற்பவனுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் மீன் தெரியும். உள்கூடத்தில் நாற்காலி ஏது? எல்லாரும் ஜமக்காளத்தில்தான். அரிசி புடைப்பதும் பூத் தொடுப்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் தரையில்தான்.

"நாளைக்கு உயரம் சொல்றேன்னு சொல்லு" என்று எழுந்தாள்.

அன்று சாயங்காலம் உள்கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. வீட்டுப் பெண்கள் எல்லாரையும் சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருத்தி கண்ணுக்கும் நேராகச் சுவரில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள் முனவ்வர். சுகரா அறை வாசலிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து தன் கோட்டை வாங்கிக்கொண்டாள். ஹலீமா பீயின் கோடு எல்லாருக்கும் கீழே விழுந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தாள், முட்டி போட்டுப் பார்த்தாள், பலகையைத் தள்ளி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள். சுகரா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவைக்காதே என்று கெஞ்சினாள். கடைசியில் எல்லாக் கோட்டுக்கும் நடுவில் ஒரு கோடு ஒப்புக்கொள்ளப்பட்டது. தொட்டியின் நடு அந்தக் கோட்டுக்கு வரவேண்டும் என்று, பாதித் தொட்டி உயரத்தைக் கழித்து, தரையிலிருந்து ஒரு சிவப்பு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டாள் முனவ்வர். தூணுக்கும் அறைக்கதவுக்கும் இடையில் இன்னொரு நூல். சுவரிலிருந்து நடைபாதை வரைக்கும் மூன்றாவது நூல். மறுநாள் மூன்றும் திரைக்குக் கீழே ஆரோக்கியசாமியிடம் போயின.

அவர் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு தாழ்வாக எந்த ஊரில் மேஜை செய்கிறார்கள் என்று முணுமுணுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "தரை மட்டமா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"ஒம்போது வருசமா அதுலதான் நடக்குறேன்னு சொல்லு" என்றாள் முனவ்வர். அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்று சிவப்புச் சிமெண்டு போட்ட தரை. அதைப் போய் மட்டமா என்று கேட்கிறாரே.

ஆலங்காயத்திலிருந்து வேங்கை மரம் வந்தது. கொல்லையில் இழைப்புளி ஓடும் சத்தமும் கொட்டாப்புளி தட்டும் சத்தமும் காலையிலிருந்து கேட்கும். முனவ்வர் வேலைக்கு நடுநடுவே திரைப்பக்கம் வந்து நின்றுகொள்வாள். ஆணியே கூடாது, தண்ணீர்ப் பக்கத்தில் ஆணி துருவேறிப்போகும் என்று ஆரோக்கியசாமி மரத்தை மரத்தோடு கோத்து முளை அடித்தார். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பேகம் கேட்பதாக ஹலீமா பீ சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. டேனரியிலிருந்து ஈரத்தோல்களைக் கொண்டுவரச் சொல்லி, ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டின்மேல் அடுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டார். காலையில் ஸ்டாண்டு அசையாமல் நின்றது. வீடுதான் நாறியது. ஹலீமா பீ மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, சீயக்காய் போட்டு நாலு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, சாம்பிராணி பிடித்து, அதுவும் போதாதென்று முதலாளியின் அத்தரில் கொஞ்சம் எடுத்துக் கால்களில் தடவினாள். பேசி முடித்த தடிமனில், அழுத்தமான செம்பழுப்பு நிறத்தில், மாப்பிள்ளை மாதிரி மணத்துக்கொண்டு நின்றது அது.

நாற்பதாம் நாள் வந்தது. சுகரா குளித்து, ஜரிகைப் புடவை கட்டி, பிள்ளையோடு வெளியே வந்தாள். கொல்லையில் பிரியாணித் தவலைகள் ஏறின. மெட்ராசிலிருந்து அப்துல் வஹாப் சாயபு வந்து இறங்கினார். வருஷா வருஷம் சர்தார் பாஷாவின் தோலை வாங்கிக் கப்பலேற்றுபவர் அவர். வாயில் துணி கட்டிய மண்பானை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்திருந்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய மீன்கள் அதற்குள் இருந்தன.

பெண்கள் எல்லாரும் மாடிக்குப் போனதும், டேனரி ஆட்கள் ஸ்டாண்டையும் தொட்டியையும் உள்கூடத்துக்குள் தூக்கி வந்தார்கள். ஆரோக்கியசாமியும் வந்தார். பெண்கள் புழங்கும் இடத்தில் கண்ணை அலையவிடக் கூடாது என்பதற்காக, வந்தது முதல் போனது வரை தரையைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பாவி மனிதர், அந்தத் தரையையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம். ஸ்டாண்டை வைத்தார்கள், அதன்மேல் தொட்டியை வைத்தார்கள், ஓட்டமாக வெளியே போய்விட்டார்கள்.

பெண்கள் தடதடவென்று இறங்கி வந்தார்கள். குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏற ஏற, எதிர்ச்சுவரில் வெளிச்சம் ஆடியது. பிள்ளை அதைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தது. முனவ்வருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாதித் தொட்டி நிரம்பியபோது சுகரா தலையைச் சாய்த்துப் பார்த்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

"பாபி, தண்ணி ஏன் ஒரு பக்கமாத் தூங்குது?"

முனவ்வர் பார்த்தாள். தண்ணீரின் விளிம்பு முற்றத்துப் பக்கம் மேலேயும் சுவர்ப்பக்கம் கீழேயுமாக, சட்டத்துக்குக் கோணலாக நின்றது. சாதாரண மேஜையாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தண்ணீருக்கு அந்த இங்கிதம் எல்லாம் கிடையாது. உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா சர்தார் பாஷா உள்ளே வரவேண்டும்? வந்தார். பார்த்தார். தாடியைத் தடவினார். நல்லவேளையாகச் சிரிக்கவில்லை.

"கோணிச்சா இல்லியா?"

"கோணிச்சு" என்றாள் முனவ்வர்.

"ஷர்த்து ஷர்த்துதான், முனவ்வர். கோணிச்சா திவான்கானான்னு அன்னிக்கே சொன்னேன். சாப்பாடு முடியட்டும். ஆளுங்களை வெச்சுத் தூக்கிடலாம்." போகும்போது இரக்கத்தோடு ஒரு வார்த்தை சேர்த்தார்: "வேணும்னா மீனு இன்னா பண்ணுதுன்னு நான் வந்து வந்து சொல்றேன்."

அந்த இரக்கம்தான் அவளை அழவைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றாள். ஹலீமா பீ பதற்றத்தில் கையிலிருந்த குடத்தைத் தவறவிட்டாள். தண்ணீர் தரையில் கொட்டி, யாரும் சொல்லாமலேயே விறுவிறுவென்று முற்றத்தைப் பார்த்து ஓடியது.

முனவ்வர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வியாழக்கிழமை தோறும் இந்தக் கூடத்தைக் கழுவுகிறார்கள். தண்ணீர் தானாக முற்றத்துக்கு ஓடிவிடும், துடைப்பம்கூட அதிகம் வேண்டாம். கட்டினவன் புண்ணியவான் என்று ஒன்பது வருஷமாக அவளே வாழ்த்தியிருக்கிறாள். தண்ணீர் ஓடுகிறது என்றால் தரை சரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

கொல்லைத் திரைக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி பிரியாணி வாசனையில் லயித்து உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை ஹலீமா பீக்காகக் காத்திருக்க முனவ்வருக்குப் பொறுமை இல்லை.

"மேஸ்திரி! தொட்டி சாஞ்சு நிக்குது. தரை மட்டமில்ல."

"மட்டம்னு நீங்கதானம்மா சொன்னீங்க!"

"நீங்க உள்ள வந்தப்போ பாத்தீங்களே!"

"நான் எங்கம்மா பாத்தேன்? பொம்பளைங்க இருக்கிற எடம்னு தலையே தூக்கல!"

பழியைப் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதி வரும்போலிருந்தது.

"காலை அறுத்துச் சரி பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"கொல்லைக்குத் தூக்கியாரணும். அப்புறம் மொதலாளி விடமாட்டாரு, மறுபடி தச்சன் கையில போய்ச்சும்பாரு. எடத்துலயே முட்டுக் குடுக்கறதுதான் வழி. முற்றத்துப் பக்கம் ரெண்டு காலுக்கும் அடியில. ஆனா மரச்சில்லு வெச்சா ஈரத்துல உப்பிக்கும். கல்லு வெச்சா கால் வழுக்கும், கண்ணாடி நோகும். தண்ணில ஊறக்கூடாது, பாரத்துல நசுங்கக்கூடாது, கல்லு மாதிரியும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு பொருளுக்கு நான் எங்கம்மா போவேன்?"

முனவ்வர் சிரித்தாள். அவ்வளவு நேரம் அழுத முகத்தோடு அப்படிச் சிரிப்பதைப் பார்த்து ஹலீமா பீ பயந்தே போய்விட்டாள். தண்ணீரில் போட்டாலும் ஊறாது, யானை மிதித்தாலும் நசுங்காது: சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் செருப்புக்கு அடியாக வைக்கத் தன் டேனரியில் பதனிடும் எருமை அடித்தோலைப்பற்றிச் சர்தார் பாஷா சொல்லும் வசனம் இது. அவளுக்கு அது மனப்பாடம். உப்புப் போடாமலேயே அதைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறாள்.

"ஹலீமா பீ, நீ திவான்கானா வாசலுக்குப் போ. முதலாளிகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். மெதுவாக் கேக்காதே. அப்துல் வஹாப் சாயபுவுக்குக் காது கொஞ்சம் மந்தமாம்."

அப்துல் வஹாபுக்குப் பாம்புக் காது. ஆனால் ஹலீமா பீயிடம் சத்தமாகப் பேசு என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. சிவப்புத் திரைக்கு இந்தப் பக்கம் முனவ்வர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மொதலாளி! பேகம் கேக்குறாங்க! தொட்டிக் காலுக்கு முட்டு வெச்சா நம்ம டேனரி அடித்தோலு தண்ணில ஊறிடுமா? பாரம் வெச்சா நசுங்கிடுமா? நசுங்கும்னா வேணாமாம்!"

திவான்கானாவில் சர்பத் டம்ளர் ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் இருந்தாலும் தன் புருஷனின் முகம் அந்த நொடியில் எப்படி இருக்கும் என்று முனவ்வருக்குத் தெரிந்தது. நசுங்கும் என்று சொன்னால் தொட்டி அவருக்கு, நசுங்காது என்றால் முட்டுக் கொடுத்து நிமிர்த்த வழிவிட வேண்டும். ஆனால் வருஷம் முழுக்க அதே தோலை வாங்குகிற மனிதர் எதிரில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"யாரு சொன்னது நசுங்கும்னு?" என்ற சர்தார் பாஷாவின் குரல் ஒரு சுருதி ஏறியே வந்தது. "சர்தார் பாஷா தோலு, தண்ணில போட்டாலும் ஊறாது. யானை மிதிச்சாலும் நசுங்காது!"

"வாய்ப்பேச்சு எதுக்கு பாய்?" என்று அப்துல் வஹாப் சிரிக்கும் சத்தம் கேட்டது. "யானைக்கு எங்க போறது? தொட்டி இருக்குதே. வெச்சுப் பாத்துடலாம். நானும் தெரிஞ்சுக்கிறேன்."

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பெண்கள் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார்கள், மாடிக்கு ஓடினார்கள். ஆட்கள் வந்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆரோக்கியசாமி இந்தத் தடவை தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டிவைத்துப் பார்த்தார். அடித்தோலைக் காலின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மூன்று அடுக்கு வைத்து, போதாதென்று இன்னொரு மெல்லிய அடுக்கும் சேர்த்தார். ஆட்கள் போனார்கள். பெண்கள் வந்தார்கள். குடங்கள் மறுபடியும் வரிசை கட்டின.

தண்ணீர் ஏறியது. முனவ்வர் தொட்டியைச் சுற்றிச் சிவப்பு நூல் ஒன்றைச் சட்டத்துக்கு நேராகக் கட்டினாள். தண்ணீர் அந்த நூலை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டது. ஆனால் அது போதாது. பாரம் அழுத்த அழுத்தத் தோல் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வரும்வரை பார்ப்பது என்று முடிவானது.

தொழுகைக்குக் கிளம்புமுன் சர்தார் பாஷா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இன்னா துவா கேக்குறீங்க?" என்றாள் முனவ்வர். "நிக்கணும்னா, சாயணும்னா?"

"சும்மா இரு முனவ்வர். வெளிய அப்துல் வஹாப் உக்காந்துருக்காரு" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பள்ளிவாசலிலிருந்து எல்லாருக்கும் முன்னால் திரும்பி வந்தவர் அவர்தான். செருப்பை ஒரு மூலையில் ஒன்றும் இன்னொரு மூலையில் ஒன்றுமாக உதறிவிட்டு உள்ளே வந்தார். குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் தண்ணீரையும் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். தோலின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு வீடே அதிரக் கத்தினார்.

"நசுங்கல! அப்துல் வஹாப் பாய், நசுங்கல! மயிரிழை நசுங்கல!"

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கையையும் வேறு தூக்கினார். தூக்கிய பிறகுதான் தான் எதற்காகக் கத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கையை மெதுவாக இறக்கிக்கொண்டு முனவ்வரைப் பார்த்தார். அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான்" என்றார். "நின்னா உங்களுக்குத்தான்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்."

சுகரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். கொல்லையில் ஆரோக்கியசாமி, தான் செய்தது எதுவும் இதுவரைக்கும் சாய்ந்ததில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்துல் வஹாப் பானையைத் திரை வரைக்கும் தானே கொண்டுவந்து கொடுத்தனுப்பினார்.

முனவ்வர் துணியை அவிழ்த்து, பானையை மெல்லத் தண்ணீருக்குள் சாய்த்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சிவப்பு மீன் வாசலில் நின்று யோசித்தது. யோசித்துவிட்டு வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு வெள்ளையும் சிவப்புமாக ஒன்று, பிறகு துப்பட்டா மாதிரி வாலை இழுத்துக்கொண்டு ஒன்று. ஜமக்காளத்தில் எல்லாரும் அமர்ந்துவிட்டார்கள். அவரவர் கண்ணுக்கு நேராக மீன்கள் போய்வந்தன. ஹலீமா பீகூடக் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. முனவ்வர் கண்ணாடிக்கு மிக அருகில் உட்கார்ந்தாள். வால் நீண்ட மீன் திரும்பி அவளைப் பார்த்தது, அல்லது பார்த்தது போல இருந்தது. உயிரோடு நீந்தும் மீனை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. சந்தையிலிருந்து வந்த மீனை ஆயிரம் தடவை கழுவியிருக்கிறாள். அது திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது.

சர்தார் பாஷா நின்றுகொண்டே பார்த்தார். நிற்பவருக்குத் தண்ணீரின் மேல்பரப்பும் சட்டத்தின் இரும்பும்தான் தெரிந்தன. குனிந்து பார்த்தார், முதுகு வலித்தது. முட்டி போட்டுப் பார்த்தார். கடைசியில் ஜரிகைக் கரை வைத்த விருந்து அங்கியோடு, பெண்களுக்கு நடுவில், ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தார்.

"பாய்!" என்று திவான்கானாவிலிருந்து அப்துல் வஹாபின் குரல் வந்தது. "பிரியாணி வெச்சுட்டாங்க! எல்லாரும் உங்களுக்காகத்தான் உக்காந்துருக்கோம்!"

"வர்றேன், வர்றேன்!" என்றார் சர்தார் பாஷா. எழுந்திருக்கவில்லை.

"ஆறிப்போவுது பாய்!"

"நீங்க ஆரம்பிங்க! தோ வந்துட்டேன்!" என்றவர், கண்ணாடிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சாண் நகர்ந்து, வெள்ளையும் சிவப்புமான மீன் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முனவ்வர் அவர் தோளை விரலால் தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. எங்களுக்கு மறைக்குது."

சர்தார் பாஷா தள்ளி உட்கார்ந்தார்.